முகம் தெரியாத முதலாளிக்கு வேலை: துபாஷி முதல் வர்ச்சுவல் அசிஸ்டென்ட் வரை

இந்த முறை ஒரு தொழிலின் வரலாற்றைப் பார்க்கப் போகிறோம்.

'வர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்று ஒரு வேலை இருக்கிறது. தமிழில் மெய்நிகர் உதவியாளர் என்று எழுதுகிறார்கள். பெயர்தான் பயமுறுத்தும், வேலை எளிதில் புரியக்கூடியது. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒருவர் சிறிய தொழில் நடத்துகிறார். அவருக்கு வரும் மின்னஞ்சல்களைப் பார்த்துப் பிரித்து வைப்பது, பயணச் சீட்டு எடுப்பது, பில் அனுப்புவது, கணக்கை ஏற்றுவது, அவருடைய வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது போன்ற வேலைகளை நம் ஊரில் உட்கார்ந்து ஒருவர் செய்து கொடுக்கிறார். பெரும்பாலும் மணிக்கணக்குக்குக் கூலி. வேலை கொடுப்பவரும் செய்பவரும் நேரில் பார்த்துக்கொள்வதே அபூர்வம்.

எங்கள் அமராவதி நகரில் அணை உண்டு, முதலைப் பண்ணை உண்டு, 1962ல் தொடங்கிய சைனிக் பள்ளியும் உண்டு. பனியன் கம்பெனி வேலைக்குப் போக வேண்டும் என்றால் உடுமலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பல்லடம் வழியாகத் திருப்பூருக்கு இன்னொரு பஸ். தினமும் போய்வர முடியாது, அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். அதனால் "வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை" என்று யாராவது சொன்னால் எல்லோரும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். ஆனால் இதில் இறங்கிய பலர் ஆறு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். கேட்டால் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பணம் வரவில்லை, சொன்னது புரியவில்லை, நெட் போய்விட்டது, இருந்த ஒரே வாடிக்கையாளரும் நின்றுவிட்டார்.

இவை இணையம் வந்த பிறகு முளைத்த பிரச்சனைகள் என்று நினைக்கிறோம். உண்மையில் கண்ணுக்கு எட்டாத முதலாளிக்கு வேலை செய்வது நம் மண்ணில் 300 வருடத்துக்கு மேற்பட்ட தொழில். இதே பிரச்சனைகளை அவர்களும் சந்தித்தார்கள். சிலவற்றுக்கு நல்ல வழியும் கண்டுபிடித்தார்கள். அந்த வழிகளில் பாதி நம் திருப்பூரிலேயே இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

1. துபாஷிகள் காலம்

துபாஷி என்றால் இரண்டு மொழி அறிந்தவர். ஆனால் அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்ல. சென்னையில் ஆங்கிலேயருக்கும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கும் நெசவாளர்களிடம் துணி ஏற்பாடு செய்வது, கடன் திரட்டுவது, உள்ளூர் அரசர்களிடம் பேசுவது எல்லாமே துபாஷிதான். முதலாளி என்பது கடலுக்கு அப்பால் இருந்த ஒரு கம்பெனி. புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கு ஒரு கடிதம் கப்பலில் போய்ச் சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். பதில் வர இன்னும் அவ்வளவு. கேள்வி கேட்டு பதில் வாங்குவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும்.

இந்த தூரம் என்ன செய்யும் என்பதற்கு நயினியப்ப பிள்ளை கதையே போதும். அவர் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். 1716ல் உள்ளூர் கவர்னர் எபேர் காலத்தில் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. பொது இடத்தில் கசையடி, சிறை, சொத்து பறிமுதல் என்று தண்டனை விழுந்தது. 1717ல் சிறையிலேயே இறந்துபோனார். அவருக்காக பாரிஸ் வரை முறையிட்டார்கள். கடைசியில் அங்கே தீர்ப்பு ரத்து செய்யப்பட்டது. ஆனால் அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை!

தொலைவில் இருப்பவருக்கு வேலை செய்யும்போது ஏதாவது தவறாகப் போனால் பழி முதலில் விழுவது கிட்டத்தில் இருப்பவர் மேல்தான். இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

அதே குடும்பத்தின் உறவில் வந்தவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761). துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்தபோது 1747ல் தலைமை துபாஷி ஆனவர். 1736 செப்டம்பர் 6 முதல் கிட்டத்தட்ட இறக்கும் வரை தினசரி நாட்குறிப்பு எழுதினார். யார் வந்தார், என்ன பேசினார், என்ன சரக்கு, எவ்வளவு விலை என்று எல்லாம் அதில் இருக்கும். நமக்கு அது வரலாற்றுப் பொக்கிஷம். அவருக்கு அது வேறு வகையிலும் உதவியிருக்க வேண்டும். கண்முன்னே நயினியப்பருக்கு நடந்ததை அறிந்த குடும்பத்தில் ஒருவர், நாளும் தேதியும் போட்டு எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார் என்றால் அதைத் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இது என் ஊகம்தான்.

அவர் இன்னொன்றும் செய்தார். கம்பெனி வேலையை மட்டும் நம்பி இருக்கவில்லை. சொந்தமாக வியாபாரம் இருந்தது, ஆனந்தப்புரவி என்று சொந்தக் கப்பலே இருந்தது. 1756ல் பதவி போனபோதும் அவர் நடுத்தெருவுக்கு வரவில்லை.

2. கம்பி வந்தது, கோட் புத்தகம் வந்தது

1870ல் லண்டனுக்கும் பம்பாய்க்கும் கடலடித் தந்திக் கம்பி இணைந்தது. மாதக்கணக்கு மணிக்கணக்காகக் குறைந்தது. பெரிய புரட்சி! ஆனால் புதிய தலைவலியும் கூடவே வந்தது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. அதனால் வியாபாரிகள் கோட் புத்தகம் பயன்படுத்தினார்கள். 'சரக்கு கப்பலில் ஏறிவிட்டது, ஆவணங்கள் தபாலில் வருகின்றன' என்ற நீண்ட வாக்கியத்துக்கு ஒரே ஒரு சொல். இரண்டு பக்கமும் ஒரே புத்தகம் இருந்தால் போதும்.

இன்று வர்ச்சுவல் அசிஸ்டென்ட்கள் ஒரே மாதிரி பதில்களுக்கு 'டெம்ப்ளேட்' வைத்துக்கொள்கிறார்களே, அது இந்தக் கோட் புத்தகத்தின் பேரப்பிள்ளைதான். இரு தரப்பும் முன்கூட்டியே ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பேசி வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

அடுத்து சென்னைக்கு வருவோம். 1928ல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி அங்கே ஓர் இண்டெண்டிங் ஏஜென்சி தொடங்கினார். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக இங்கே ஆர்டர் பிடிப்பது, சரக்கை ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. அவர்தான் பின்னாளில் இந்தியாவின் நிதியமைச்சர் ஆனார். இந்த டி.டி.கே. பெயர் இன்னொரு இடத்தில் திரும்ப வரும், நினைவில் வையுங்கள்.

3. திருப்பூர் கண்டுபிடித்தவை

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920களில் தொடங்கியது. நீண்ட காலம் உள்நாட்டுக்கு பனியன், ஜட்டிதான். 1978ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூருக்கு வந்தார். வெளிநாட்டுக் கதவு திறந்தது அப்போதுதான் என்று சொல்வார்கள். 1980களின் நடுவில் ஆண்டுக்குப் பத்து, இருபது கோடி ரூபாய் அளவில் இருந்த ஏற்றுமதி 2024-25ல் சுமார் 40,000 கோடியைத் தொட்டது.

இந்தக் கதையை எப்போதும் முதலாளிகளின் உழைப்பு, தொழிலாளர்களின் உழைப்பு என்றே சொல்கிறார்கள். சரிதான். ஆனால் நடுவில் ஒருவர் இருக்கிறார்: மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையரின் மின்னஞ்சலைப் படித்து, நூல், நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எல்லா இடத்துக்கும் ஓடி, ராத்திரி உட்கார்ந்து பையருக்குப் பதில் போடுபவர். பல வருடம் ஒரே பையருக்கு வேலை செய்து, அவரை ஒருமுறைகூட நேரில் பார்க்காதவர்கள் உண்டு. வர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்ற பெயர் பரவும் முன்பே அந்த வேலையின் பெரும்பகுதியை இவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

இவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் நான்கு கருவிகள் தெரிகின்றன.

முதலாவது சாம்பிள். "நல்ல நீலம்" என்று பையர் எழுதினால் அவர் மனதில் இருப்பது எந்த நீலம்? அதனால் பேச்சை நம்புவதில்லை. சிறு துணியில் சாயம் ஏற்றி 'லேப் டிப்' அனுப்புவார்கள். ஆடையைத் தைத்து 'கவுண்டர் சாம்பிள்' அனுப்புவார்கள். பையர் ஒப்புதல் கொடுத்த சாம்பிளில் ஒன்று அவரிடம், ஒன்று கம்பெனியிடம். பின்னால் சண்டை வந்தால் அந்தத் துணிதான் சாட்சி. மெய்நிகர் உதவியாளருக்கும் இதேதான். "புரிந்தது சார்" என்று பதில் போடுவது சாம்பிள் ஆகாது. புரிந்ததைத் தன் சொல்லில் எழுதி, வேலையில் பத்து வரியை மட்டும் செய்து காட்டி, "இப்படித்தானே?" என்று ஒப்புதல் வாங்கிக்கொண்டு மீதி ஆயிரம் வரியைத் தொட வேண்டும்.

இரண்டாவது காலண்டர். கப்பல் ஏறும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, துணி எப்போது வர வேண்டும், கட்டிங் எப்போது, தையல் எப்போது என்று 'டி அண்ட் ஏ' என்ற அட்டவணை போடுவார்கள். அதில் முக்கியமான விஷயம், பையர் எந்தத் தேதிக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கும். தாமதம் யாருடையது என்று பின்னால் வாய்ச்சண்டை போடத் தேவையில்லை.

மூன்றாவது எல்.சி. என்கிற கடன் உறுதிக் கடிதம். சரக்கை முன்னால் அனுப்பினால் பணம் வருமா என்று இவருக்குப் பயம். பணத்தை முன்னால் அனுப்பினால் சரக்கு வருமா என்று அவருக்குப் பயம். நடுவில் வங்கி நிற்கிறது. ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று பையரின் வங்கி உறுதி கொடுக்கிறது. இதற்கான சர்வதேச விதிகள் 1933 முதல் இருக்கின்றன. ஒன்றைக் கவனியுங்கள். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறது. பெட்டிக்குள் சரக்கு தங்கமாக இருந்தாலும் காகிதம் எல்.சி.யோடு பொருந்தவில்லை என்றால் 'டிஸ்க்ரெபன்சி' என்று பணம் நின்றுவிடலாம். இதற்கும் மேல், பையர் பணம் தராமல் போனால் நஷ்டத்தில் ஒரு பகுதியை ஈடுகட்ட 1957ல் தொடங்கப்பட்ட ஈ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனத்தின் காப்பீடும் இருக்கிறது.

நான்காவது சங்கம். 1990ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. தனி ஆளாக ஒரு கம்பெனி அரசிடமோ துறைமுகத்திடமோ பேசி ஒன்றும் ஆகாத இடத்தில் பலர் சேர்ந்து பேச முடிந்தது.

4. பெயர் வந்தது

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலம் தொடங்கியது. அதே 1990களில்தான் அமெரிக்காவில் 'வர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்ற பெயரும் பரவியது. 2005ல் ஏ.ஜே.ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் சொந்த வாழ்க்கை வேலைகளையே பெங்களூரில் இருந்த உதவியாளர்களிடம் ஒப்படைத்துப் பார்த்து, எஸ்கொயர் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். 2007ல் டிம் ஃபெரிஸ் எழுதிய புத்தகம் அதை இன்னும் பரப்பியது. அப்போது பெயர் அடிபட்ட பெங்களூர் சேவைகளில் ஒன்று 'கெட்ஃபிரைடே'. யாருடையது தெரியுமா? டி.டி.கே. குழுமத்தினுடையது! 1928ல் வெளிநாட்டாருக்காக இங்கே ஆர்டர் பிடித்த குழுமமே சுமார் 80 வருடம் கழித்து வெளிநாட்டாரின் அலுவலக வேலையை இங்கே பிடித்தது.

கிராமத்துக்கும் இது வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 2000களின் தொடக்கத்தில் மேலூர் போன்ற பகுதிகளில் கம்பியில்லா இணைப்பில் இணைய கியோஸ்க்குகள் அமைத்தார்கள். அந்தச் சூழலிலிருந்து சலோனி மல்ஹோத்ரா தொடங்கிய 'தேசிகுரூ' என்ற கிராமப்புற பி.பி.ஓ. வளர்ந்தது. திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடி போன்ற சிற்றூரில் இருந்தபடியே இளைஞர்கள் நகரத்துக் கம்பெனிகளின் தரவு வேலையைச் செய்தார்கள். ஊரை விட்டுப் போகாமல் வேலை என்பது வெறும் கனவு இல்லை என்று காட்டியது அது.

5. கைக்கு மீறிய தடைகள்

எல்லாவற்றுக்கும் உழைப்பு மட்டும் தீர்வு ஆகாது. சில தடைகள் மேலிருந்து வரும்.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தன. இந்தியாவின் வெளிநாட்டு இணைய இணைப்பில் பாதியளவு போய்விட்டது. அதே ஆண்டு தொடங்கி சில வருடங்கள் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். திருப்பூர் கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. வீட்டில் ஒரு கணினியோடு இருந்தவருக்கு ஏது ஜெனரேட்டர்? இன்வெர்ட்டர், இரண்டு வேறு கம்பெனிகளின் இணைப்பு, அவசரத்துக்கு டவுனில் ஒரு நண்பர் வீடு என்பதெல்லாம் இந்தத் தொழிலின் மூலதனம் என்று அப்போது புரிந்தது.

பணம் வரும் வழியும் அப்படித்தான். 2011ல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி பேபால் வழியாக இந்தியாவுக்கு ஒரு முறைக்கு 500 டாலருக்கு மேல் வாங்க முடியாத நிலை வந்தது. அந்த ஆண்டே உச்சவரம்பு 3,000 டாலராகவும் 2013ல் 10,000 டாலராகவும் உயர்ந்தது. ஒரே வழியை நம்பியிருந்தவர்கள் இடையில் திண்டாடினார்கள். 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்ஜியம் என்றார்கள். ஆனால் பதிவு செய்தவர் வரி கட்டாமல் அனுப்ப உறுதிப் பத்திரம் தர வேண்டும், பணம் அந்நியச் செலாவணியாக வந்ததற்கு வங்கிச் சான்று வைத்திருக்க வேண்டும். எல்.சி. காலத்துக் காகித ஒழுங்கு இங்கேயும் விடவில்லை.

மிகப் பெரிய தடை ஒற்றை வாடிக்கையாளர். 2020ல் கொரோனா வந்தபோது வெளிநாட்டு பையர்கள் ஆர்டர்களை ரத்து செய்தார்கள், தள்ளி வைத்தார்கள். தைத்து முடித்த துணி திருப்பூரில் தேங்கியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மேல் 50 சதவீத வரி போட்டபோது அமெரிக்க பையரை மட்டும் வைத்திருந்தவர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. ஐரோப்பா, இங்கிலாந்து, உள்நாடு என்று பிரித்து வைத்திருந்தவர்கள் ஓரளவு மூச்சு விட்டார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை சொந்தக் கப்பல் வைத்திருந்த விஷயம் இங்கேதான் மறுபடி ஞாபகத்துக்கு வருகிறது.

6. இனி?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து எல்லோரும் கேட்கும் கேள்வி, "இனி இந்த வேலை இருக்குமா?" நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. வரலாற்றில் இதற்கு இணையானது ஒன்று உண்டு. 1812ல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை எல்லிஸ் முன்னின்று தொடங்கினார். கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கு கற்றுத் தருவது அதன் நோக்கம். முதலாளியே மொழி கற்றுக்கொண்டால் துபாஷி எதற்கு? அதற்கு முன்பே அவர்கள் செல்வாக்கு தேயத் தொடங்கியிருந்தது, பிறகு அந்தப் பதவியே மெல்ல மறைந்தது. ஆனால் நடுவில் நின்று பொறுப்பேற்கும் ஆளின் தேவை மறையவில்லை. அவர் இண்டெண்டிங் ஏஜென்ட் ஆனார், மெர்ச்சண்டைசர் ஆனார்.

தட்டச்சு, தரவு ஏற்றுவது, சந்திப்பு நேரம் குறிப்பது போன்றவற்றை இயந்திரம் செய்யத் தொடங்கிவிட்டது. அதை மட்டும் தெரிந்தவருக்குக் கஷ்டம்தான், மறைக்க வேண்டாம். ஆனால் தேதி தவறும்போது முன்கூட்டியே சொல்வது, தப்பான உத்தரவு வந்தால் "இது சரியா?" என்று திருப்பிக் கேட்பது, செய்த வேலைக்கு என் பெயரில் பதில் சொல்கிறேன் என்று நிற்பது, இவற்றுக்கு ஆள் வேண்டும்.

ஆகவே இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் நண்பர்களுக்கு, முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது மென்பொருள் அல்ல என்றுதான் சொல்வேன். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கும் ஓர் அண்ணனையோ அக்காவையோ பிடியுங்கள். சாம்பிள் எப்படி ஒப்புதல் வாங்குகிறார், காலண்டர் எப்படிப் போடுகிறார், பையருக்கு கெட்ட செய்தியை எப்படி எழுதுகிறார் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எழுதி வையுங்கள், ஒப்புதல் வாங்குங்கள், முன்பணம் கேளுங்கள், இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடுவதை முதல் வாடிக்கையாளர் இருக்கும்போதே தொடங்குங்கள். இதே தொழிலில் இருக்கும் நாலு பேரோடு தொடர்பில் இருங்கள்.

நயினியப்ப பிள்ளைக்கு நியாயம் கிடைக்க பாரிஸிலிருந்து கப்பல் வர வேண்டியிருந்தது. நமக்கு மின்னஞ்சல் ஒரு நொடியில் போய்விடுகிறது. ஆனாலும் பிரச்சனை வந்தால் அந்தப் பக்கம் நமக்காகப் பேச யாரும் இல்லை என்பது மட்டும் மாறவில்லை. நாம் தேதி போட்டு எழுதி வைத்ததுதான் அங்கே நமக்காகப் பேசும்.